மூன்றாம் மாடித் தண்ணீர் மெஷின்

“நெத்தியக் கழுவீட்டு வந்து மாட்டுங்க அம்மிணி, செரியாப் போயிரும்.”

எல்லா வியாதிக்கும் வெள்ளிங்கிரி இந்த ஒரே மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றிப்பட்டையில் பச்சை விளக்கு எரியவில்லை என்று வருகிறவர்கள் ஒருமுறை கழுவ வேண்டும். மஞ்சளாக எரிகிறது என்கிறவர்கள் இரண்டு முறை. திருநீறு, குங்குமம், தேங்காய் எண்ணெய், வியர்வை, இந்த நான்கைத் தாண்டி உலகத்தில் கோளாறு என்று ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. பதினாறு வருட சர்வீஸ். நானூறு பேர் உட்காரும் ஆபீசில் நெட்வொர்க் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஜீவன் தான்தான், மற்றவர்கள் வயரை எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியாத ஜென்மங்கள் என்று மனசார நம்பினார். வெளியே சொல்ல மாட்டார். கோயமுத்தூர்க்காரர், ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை வராது. ஆனால் அந்த ‘ங்க’வை அவர் இழுக்கிற இழுப்பில், ‘உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்’ என்பது தெளிவாகக் கேட்கும்.

அந்த ஆபீஸ் விற்கிற சரக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். மனிதக் கவனம். ஸ்கேன் பார்ப்பது, பஸ் ஓட்டுவது, பரீட்சைத் தாள் திருத்துவது எல்லாவற்றையும் மெஷின்கள் எடுத்துக்கொண்ட பிறகு, ‘உயிர் சம்பந்தப்பட்ட எந்த முடிவின்மேலும் ஒரு மனிதக் கண் எட்டு நொடியாவது படவேண்டும்’ என்று ஒரு சட்டம் வந்தது. சட்டம் வந்தால் சந்து வரும், சந்து வந்தால் கம்பெனி வரும். சரவணம்பட்டியில் எட்டு மாடி எழும்பி, சிரத்தா சர்வீசஸ் என்று பலகை மாட்டிக்கொண்டது.

வேலை லேசு. நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு திரைமுன் உட்கார வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்கேன் ஒவ்வொன்றாக வரும், கூடவே ‘ஒன்றுமில்லை’ என்று மெஷின் சொன்ன தீர்ப்பும் வரும். பார்க்கிறவருக்குச் சந்தேகம் தட்டினால் மனசுக்குள் ‘நில்’ என்று நினைத்தால் போதும், பட்டை பிடித்துக்கொள்ளும், ஸ்கேன் டாக்டரிடம் திரும்பிப் போகும். எட்டு நொடி யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சம்மதம். எப்படியானாலும் படம் திரையை விட்டுப் போய்விடும். அப்புறம் என்ன ஆயிற்று என்று பார்த்தவருக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது கம்பெனியின் எண்ணம்.

அன்று காலை பதினொரு மணிக்கு வெள்ளிங்கிரியின் அறை வாசலில் நின்றவள் சுகிர்தா. மூன்றாம் மாடி, ஸ்கேன் பிரிவு, வயது முப்பத்தொன்று. நெற்றி துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பட்டையில் மஞ்சள் விளக்கு என்று வந்தவளைக் கழுவச் சொன்னவர் வெள்ளிங்கிரிதான். அவள் அன்றிலிருந்து பொட்டையே விட்டுவிட்டாள். விளக்கு மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

“நெத்தி கழுவறதுக்கு வரலீங்க சார்,” என்று ஒரு தாளை நீட்டினாள். “நாலு மணிக்கு எனக்கு முத்திரை குத்தப் போறாங்க.”

கவனமிலி முத்திரை. மூன்று மாதம் சேர்ந்தாற்போல் ஒருத்தரின் கவனம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே போனால், அரசாங்கத்தின் கவன ஆய்வாளர் நேரில் வந்து ஒரு சோதனை வைப்பார். அதிலும் தேறாவிட்டால் கட்டைவிரல் ரேகையோடு சேர்த்துப் பதிந்துவிடுவார்கள். ஏழு வருடம். எந்த ஆபீசும் சேர்க்காது, வண்டி ஓட்டக் கூடாது. அதைவிடக் கொடுமை, கவனமிலியிடம் பள்ளிக்கூடம் பிள்ளையை ஒப்படைக்காது. கேட்டில் இன்னொருத்தர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சுகிர்தாவின் புருஷன் மஸ்கட்டில் இருந்தான். மகள் ஒன்றாம் வகுப்பு.

“ஆரு சார் எனக்குக் கையெழுத்துப் போட வருவாங்க? எம்புள்ளைய நான் கூட்டிட்டு வாரதுக்கு அடுத்த வீட்டுக்காரங்க காலப் புடிக்கோணுங்களா?”

வெள்ளிங்கிரி தாளை வாங்கினார். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். தண்ணீர் மெஷின்களுக்கு வடிகட்டி மாற்றுகிற மருதாசலம். ஐம்பத்தெட்டு வயசு, காக்கிச் சட்டை, கையில் எப்போதும் ஒரு வடிகட்டி. ஆபீசில் வெள்ளிங்கிரி ‘ங்க’ போடாத ஒரே ஆள் இவன்தான். சர்வரைக்கூட ‘வாங்க, ஏந்திரிங்க’ என்றுதான் கொஞ்சுவார்.

“சார், அந்த மூணாம் மாடி மெஷினுங்க...”

“மருதாசலம், நீ தண்ணியப் பாரு. இங்க மனுசங்க பேசிட்டிருக்கறம்.”

மருதாசலம் போய்விட்டான். வெள்ளிங்கிரி தாளைப் படித்தார். படித்ததும் அவர் முகம் மாறியது. இரக்கத்தினால் அல்ல, அந்தச் சரக்கு அவரிடம் ஸ்டாக் இல்லை. தாளில் ‘கவனம்: சைபர்’ என்று இருந்தது. மூன்று மாதமும் சைபர்.

“இதெப்படீங்க சைபர் வரும்?” என்றார்.

தூங்குகிறவனுக்குக்கூட ஏழு வரும். போன தீபாவளிக்கு மறுநாள் கண் சொருகிப்போய் வந்த ஆறாம் மாடிக்காரனுக்குப் பதினொன்று வந்தது. ஒருமுறை வெள்ளிங்கிரியே வேலையற்றுப் போய் ஆயுதபூஜைப் பூசணிக்காய்க்குப் பட்டையைக் கட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு வந்தது. பூசணிக்காய்க்கு இரண்டு என்றால் இவளுக்குச் சைபர் எப்படி வரும்? சைபர் என்றால் கவனம் இல்லை என்று அர்த்தமில்லை. ஒன்றுமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதாவது நெட்வொர்க் கோளாறு. அதாவது வெள்ளிங்கிரியின் கோளாறு. மனிதருக்குச் சுருக்கென்றது.

“பட்டையக் குடுங்க,” என்றார்.

கருவியில் வைத்துப் பார்த்தார். பட்டைக்குச் சர்வர் கொடுத்திருந்த முகவரி திரையில் வந்தது. நீளமான எண்ணின் கடைசியில் இருபத்தாறு. வெள்ளிங்கிரி எண்ணை மறுபடி ஒருமுறை படித்தார். அந்த எண்ணை அவருக்குத் தெரியும். இன்னும் சொன்னால், அந்த எண்ணை ஒதுக்கி வைத்தவரே அவர்தான்.

இங்கே மேனேஜிங் டைரக்டர் ரங்கநாயகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நானூறு பேர் மூளையை அளக்கிற கம்பெனிக்கு முதலாளி. ஆனால் எண்கணித ஜோசியரைக் கேட்காமல் லிப்டில்கூட ஏற மாட்டார். எட்டாம் எண் ஆகாது அவருக்கு. கட்டடத்தில் எட்டாவது மாடிக்கு ‘ஏழு ஏ’ என்று பெயர். எட்டு நொடிச் சட்டத்தை ஒன்பது நொடியாக்கச் சொல்லி அரசாங்கத்துக்கே மனுப் போட்டவர். நாலு மாதத்துக்கு முன் ஜோசியர் ஆபீசைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்க ஆளுகளுக்கு நெத்தியிலயே எட்டு உக்காந்திருக்குதே!” என்று கண்டுபிடித்தார். எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து என்று கூட்டினால் எட்டு வருகிற முகவரி எதுவும் மனிதருக்குப் போகக் கூடாது, போனால் கம்பெனி படுத்துவிடும் என்றார். மெஷினுக்கு ஏது ராசி? அவற்றைக் காபி மெஷினுக்கும் தண்ணீர் மெஷினுக்கும் லிப்டுக்கும் தள்ளிவிடுங்கள் என்று உத்தரவாயிற்று.

வெள்ளிங்கிரி மனசுக்குள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அந்தப் பட்டியலைத் தயாரித்தார். இந்த மடையன்களுக்கு இது போதும் என்று, எந்த எண் யாருடையது என்று குறிக்கிற கவன ஏட்டில் எட்டாம் எண்களுக்கு நேரே ஒவ்வொரு மெஷின் பெயராகக் கையால் எழுதினார். எழுதினவர், கீழே இருக்கிற சர்வரிடம் ‘இந்த எண்களை இனி ஆளுக்குக் கொடுக்காதே’ என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொன்னதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவன் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்குத் தன் வேலை பாதியில் நிற்பது எங்கே தெரியும்?

“என்ன சார் ஆச்சு?” என்றாள் சுகிர்தா.

“உக்காருங்க.” அவர் குரலில் இழுப்பு இல்லை. “ஊட்டுக்குக் கதவு நம்பர் இருக்கறாப்பல ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நம்பர். காலைல மாட்டுனதும் சர்வர் குடுக்கும். உங்குளுக்கு இருபத்தாறு குடுத்திருக்குது. ஒருக்கா குடுத்துதுன்னா மறக்காது, தெனமும் அதையேதான் குடுக்கும்.”

“அதுக்கென்னுங்க?”

“ஏட்டுல இருபத்தாறுங்கிறது நீங்க இல்லீங்க. மூணாம் மாடித் தண்ணி மெஷின்.”

அவளுக்குப் புரியவில்லை. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரன் என்ன செய்வான், ஏட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போடுவான் என்று மறுபடி சொன்னார். அவள் பார்த்தது, யோசித்தது எல்லாம் மெஷின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் பெயருக்கு நேரே ஒன்றும் வராததால் சைபர். மஞ்சள் விளக்கு மூன்று மாதமாக அதைத்தான் கத்திக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சுகிர்தாவுக்கு முகம் மலர்ந்தது. “அப்ப எம்மேல தப்பில்லீங்கள்ல? நாலு மணிக்குள்ள மாத்தீருவீங்களா?”

“ரெண்டு நிமிச வேலைங்க.”

“தெய்வமே!” என்று எழுந்தவள் பாதியில் நின்றாள். “ஏனுங்க சார்... அப்ப நான் ‘நில்’னு சொன்னதெல்லாம்?”

வெள்ளிங்கிரிக்கு அதுவரை அது தோன்றவில்லை. எண் தெரிந்தது, ஏடு தெரிந்தது, ஸ்கேனுக்குப் பின்னால் ஆள் இருப்பது தோன்றவில்லை. மெஷினின் பதிவைத் திறந்தார். தண்ணீர் மெஷினுக்குத் தெரிந்தது ஒரே அலாரம்தான்: ‘மாசு. வடிகட்டியை மாற்றவும்.’ ஒவ்வொரு முறை இவள் ‘நில்’ என்றபோதும் அந்த அலாரம் அடித்திருந்தது. நாற்பத்தொரு முறை. எல்லாம் அவள் ஷிப்ட் நேரம்.

“நாப்பத்தொரு வாட்டி வடிகட்டி மாத்தியிருக்குதுங்க,” என்றார்.

“யாரோட ஸ்கேனும் திரும்பிப் போகலீங்களா?”

“இல்லீங்க.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “மாசியில ஒரு அம்மா ஸ்கேன் வந்துதுங்க. இடது பக்க நெஞ்சுல மொளகு தண்டி ஒரு நெழல். மெஷின் ஒண்ணுமில்லைங்குது. நான் நில்லுன்னு அழுத்திச் சொன்னன். நல்லவேளை பாத்தம், ஒரு உசுரு தப்புச்சுதுன்னு, அன்னைக்குச் சாயங்காலம் எம்புள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தனுங்க.” வெள்ளிங்கிரிக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். நெற்றியைக் கழுவச் சொல்லவா முடியும்?

எண்ணை மாற்றும் முன் டைரக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவர் ‘ஏழு ஏ’ மாடிக்குப் போனார். அங்கேதான் தப்புச் செய்தார் என்று நீங்கள் சொல்வீர்கள். சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த மாடியைத் தாண்டிப் புத்தி போகாது.

ரங்கநாயகன் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: “பாத்தீங்களா! ஜோசியர் சொன்னாரு. எட்டு ஆளுககிட்டப் போனா வெளங்காதுன்னு.”

“ஆமாங்க. இப்ப மாத்தீர்றனுங்க. அந்த அம்மிணிக்கு நாலு மணிக்கு...”

“இருங்க, இருங்க. மாத்துனா ஆய்வாளரம்மா ஏன் மாத்துனீங்கன்னு கேக்கும். கேட்டா நாப்பத்தொண்ணு வெளிய வரும். நாப்பத்தொரு ஸ்கேன மனுசன் பாக்கலைன்னு ஆனா, கம்பெனிக்குப் பூட்டுதானுங்க. நானூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். அதுல உங்க குடும்பமும் ஒண்ணு.”

“அந்த அம்மிணி...”

“ஏழு வருசந்தானுங்களே. உசுரா போயிரும்?”

வெள்ளிங்கிரி தரையைப் பார்த்தார். உயிர்தான் போகும், நாற்பத்தொன்று, என்று சொல்ல வாய் வரவில்லை. நெட்வொர்க் தெரியாத மூதேவிகளை மனசுக்குள் திட்டித் திட்டி வளர்ந்த நாக்கு, திட்ட வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது.

“மெஷினோட பழைய பதிவு எல்லாத்தையும் தொடச்சுருங்க,” என்றார் ரங்கநாயகன். “மத்தபடி நாலு மணி வரைக்கும் ஒரு வயரத் தொடக் கூடாது. அட்ரஸ் இருக்கறபடியே இருக்கட்டும். சோதனையிலயும் அந்தப் புள்ளைக்குச் சைபர் வரோணும். புரிஞ்சுதுங்களா?”

“செரிங்க,” என்றார் வெள்ளிங்கிரி.

துடைத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். தன் அறைக்கு வந்து, தன் கையால், நாற்பத்தொரு வரியையும் துடைத்தார். வாசலில் காத்திருந்த சுகிர்தா, “மாத்தீட்டீங்களா சார்?” என்று கேட்டதற்கு, “நாலு மணிக்குப் பாத்துக்கலாங்க,” என்றார். அந்த ‘ங்க’வில் இழுப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், கெஞ்சவில்லை. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, இன்றைக்கு மட்டும் நான்தான் வருவேன், நேரமானாலும் வைத்திருங்கள் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

சோதனை மூன்றாம் மாடிக் கூடத்தில். நீள மேஜை, ஒரு திரை. மூலையில் அந்தத் தண்ணீர் மெஷின், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது. கவன ஆய்வாளர் ஜெபசெல்வி தூத்துக்குடிக்காரர். கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிறவர். ரங்கநாயகன் அவருக்கு இளநீர், முந்திரி எல்லாம் வைத்திருந்தார். அந்த அம்மாள் தொடவில்லை. வெள்ளிங்கிரி கருவியோடு சுவரோரம் நின்றார்.

“பத்துப் படம் காட்டுவேன் மா,” என்றார் ஜெபசெல்வி. “அதுல சிலது கோளாறு. எதுன்னு எனக்குத்தான் தெரியும். எப்பவும் பாக்குற மாதிரி பாருங்க. பயப்படாதீங்க.”

சுகிர்தா பட்டையைக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. முதல் படம் போயிற்று, இரண்டாவது போயிற்று. ஆய்வாளரின் கைக்கருவியில் சைபர். மூன்றாவது படத்தில் சுகிர்தாவின் புருவம் சுருங்கியது. கைக்கருவியில் சைபர்.

“சைபர்தான் வருதுங்க மேடம்,” என்று ரங்கநாயகன் வருத்தப்பட்டுக்கொண்டார். “நல்ல புள்ளைதான். என்னமோ, மனசு வேலைல இல்லை.”

கதவு திறந்தது. மருதாசலம் வடிகட்டியோடு வந்தான். “மன்னிக்கோணுங்க, அலாரம் அடிச்சுது,” என்று மூலைக்குப் போய்க் குனிந்து, பழைய வடிகட்டியைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டுப் போனான். ரங்கநாயகனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தண்ணீர்க்காரன் தண்ணீர் மாற்றுகிறான், அவ்வளவுதான். அவர் கண்ணுக்குக் காக்கிச் சட்டை தெரியாது. வெள்ளிங்கிரிக்கு உறைத்தது.

ஆறாவது படம். சுகிர்தா உதட்டைக் கடித்தாள். கைக்கருவியில் சைபர். ஏழாவது படம் வருமுன் கதவு திறந்தது.

“மன்னிக்கோணுங்க...”

“யோவ், சோதனை நடக்குதுல்ல!” என்று ரங்கநாயகன் எகிறினார்.

“அலாரம் அடிச்சா அஞ்சு நிமிசத்துல மாத்தோணும்னு ரூல்ஸுங்க. நீங்க போட்டதுதானுங்க.”

ஜெபசெல்வி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கழற்றிய வடிகட்டி புதுசு போல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏழாவது, எட்டாவது படம் போயிற்று. ஒன்பதாவது படத்தில் சுகிர்தாவின் கண் கலங்கியது. ஜெபசெல்வி கைக்கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது.

“மூணு, ஆறு, ஒம்பது,” என்றார் ஜெபசெல்வி. “நான் வச்ச கோளாறுப் படம் மூணும் அதுதான். இந்தக் கருவி சைபர்ங்குது. இவரு மட்டும் கரெக்டா வாராரு. எப்படிய்யா?”

“அந்த அம்மிணி என்னமோ நெனச்சா மெஷின் அடிக்குதுங்க,” என்றான் மருதாசலம். “அந்தப் புள்ளை லீவு போட்டா அடிக்கறதில்லீங்க. சாப்புடப் போனாக்கூட அடிக்காது. மூணு மாசமா இப்படித்தானுங்க.”

“உளறாதய்யா,” என்றார் ரங்கநாயகன். “மேடம், மெஷினோட பதிவு இருக்குது. பாத்துக்குங்க, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு அலாரம்கூட இல்லை. சுத்தம்.”

“பதிவுல இல்லாட்டிப் போகுதுங்க. எங்கிட்ட இருக்குது,” என்று காக்கிச் சட்டைப் பையிலிருந்து, மூலை மடங்கிய ஒரு சின்ன நோட்டை மருதாசலம் எடுத்து நீட்டினார். “பழைய வடிகட்டியத் திருப்பிக் குடுக்கறப்ப, எப்ப அலாரம் அடிச்சுது, எப்ப மாத்துனன்னு தேதி மணி கேப்பாங்க. எழுதி வெச்சிருக்கறன்.”

கவனித்தீர்களா, ‘நீட்டினார்’ என்று எழுதிவிட்டேன். இதுவரை ‘வந்தான் போனான்’ என்று சொன்னது வெள்ளிங்கிரி பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டதால்தான். இனி மருதாசலம் நமக்கு ‘அவர்’தான். அந்தக் கட்டடத்தில் மூன்று மாதமாகக் கவனம் என்ற சரக்கு யாரிடம் இருந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டதே.

ரங்கநாயகன் இளநீரைக் குடித்தார். ஆய்வாளருக்கு வைத்த இளநீர். ஜெபசெல்வி முத்திரைத் தாளை எடுத்து நான்காகக் கிழித்து முந்திரித் தட்டில் போட்டார். “நீங்க போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க மா. உங்க கவனத்துல ஒரு குத்தமும் இல்ல,” என்றார். சுகிர்தா போகவில்லை. “நாப்பத்தொரு பேருங்க மேடம்,” என்றாள். அவளுக்கு அழக்கூட நேரமில்லாத மாதிரி இருந்தது.

ஜெபசெல்வி நோட்டைப் புரட்டினார். பென்சில் எழுத்து. தேதி, மணி, ‘மாத்தினேன். சுத்தமா இருக்குது.’ அடுத்த வரி, தேதி, மணி, ‘மாத்தினேன். சுத்தமா இருக்குது.’ முதல் பக்கத்துக்கு வந்து நின்றார். மூன்றாவது வரிக்குக் கீழே வேறு என்னவோ எழுதியிருந்தது. வாய்விட்டே படித்தார்.

“‘தண்ணில கோளாறு இல்ல. அந்த அம்மிணி பட்டையிலதான் என்னமோ இருக்குதுன்னு நெட்வொர்க் சார்கிட்டச் சொன்னேன். சிரிச்சாரு.’” ஒரு பக்கம் தள்ளி, “‘மறுக்கா சொன்னேன். நீ தண்ணியப் பாருன்னாரு.’” இன்னொரு பக்கம். “‘மறுக்கா போனேன். மனுசங்க பேசிட்டிருக்கறம்னாரு.’ இது இன்னைக்குத் தேதி.”

நோட்டை மூடி மேஜையில் வைத்தார்.

“யாருய்யா அந்த நெட்வொர்க் சார்?” என்றார் ஜெபசெல்வி.

மருதாசலம் சுவரோரம் பார்க்கவே இல்லை. குனிந்து கையிலிருந்த வடிகட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்க மனசில்லையா, அந்த ஆளைப் பெயர் சொல்லி அழைக்கவே பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் வெள்ளிங்கிரிக்குத் தாங்கவில்லை. பேசாமல் நின்றால் போதும் என்று அவருக்குத் தெரியும். டைரக்டர் சொல்ல மாட்டார், அவர் கழுத்தும் சேர்ந்தல்லவா போகும். மனசு தானாக நொடி எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு வருடம் அறை வாசலில் வந்து நின்ற எத்தனையோ பேரை இப்படித்தான் நொடி எண்ணி வழியனுப்பியிருக்கிறார். ஐந்து. ஆறு. எட்டு ஆனால் சம்மதம்.

“நாந்தானுங்க,” என்றார். “மருதாசலமண்ணன் மூணு தடவை சொன்னாருங்க. நான்தான் கேக்கலை. இருபத்தாற எழுதுனதும் நான்தான், மத்தியானம் பதிவத் தொடச்சதும் நான்தானுங்க. தொடைக்கச் சொன்னது இவரு.”

ஜெபசெல்வி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, வெள்ளிங்கிரியிடம் கையெழுத்து வாங்கினார். நோட்டில் இருந்த நேரங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, எந்த நேரம் எந்த ஸ்கேன், யாருடையது என்று வாங்கி, சுகிர்தாவிடம் காட்டிச் சரிபார்த்தார். நாற்பத்தொரு பெயரும் போன் எண்ணும் வந்தன. மேஜைமேல் போனைத் தள்ளிவைத்தார்.

“இவ்வளவு பேருக்கும் இன்னைக்கே சொல்லணும். முதல்ல நீங்க ஆரம்பிங்க.”

சுகிர்தா பட்டியலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். மாசி மாதத்து ஸ்கேன். கமலவேணி, அறுபத்து மூன்று, பல்லடம். வெள்ளிங்கிரி எண்ணை அழுத்தினார். நாலு முறை அடித்த பிறகு ஒரு ஆண் குரல் எடுத்தது.

“ஆருங்க?”

“கமலவேணிங்கிறவங்க... இருக்காங்களா?”

“இருக்கறா. அடுப்படியில நிக்கறா. நீங்க எங்கிருந்துங்க?”

“அவங்குளுக்கு மாசியில ஒரு ஸ்கேன் எடுத்திருந்தீங்க...”

“ஆமாமா, எடுத்தம். ஒண்ணுமில்லைன்னு சொல்லீட்டாங்களே. பெரிய மெஷின் பாத்துது, அதுக்குமேல ஒரு ஆளும் பாத்தாங்கன்னு தாள்லயே போட்டிருக்குது. அப்பறந்தான் நிம்மதியாத் தூங்குனம்.” பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி வந்தது. “இந்த இருமல்தான் விட்டபாடில்லை. சொல்லுங்க, என்ன விசயம்?”

மருதாசலம் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து மேஜையில் வைத்தார். வெள்ளிங்கிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.